எல்லையம்மாள் வைத்த சுவர்

அந்த ஆர்க்கிடெக்ட் எங்கள் வீட்டுக்கு முதல்முறை வந்தபோது கையில் ஒரு மரப்பெட்டி வைத்திருந்தான். திறந்தால் நகைப்பெட்டி மாதிரி உள்ளே வெல்வெட் துணி, ஆறு கட்டங்கள். ஒன்றில் மண் உருண்டை, ஒன்றில் உடைந்த நாட்டு ஓடு, ஒன்றில் சுண்ணாம்புக் காரை, ஒன்றில் கருப்புத் தரையின் சில்லு, ஒன்றில் மூங்கில் கணு, கடைசிக் கட்டத்தில் விரல் நீளத்துக்கு நறுக்கி வைத்த தென்னங்கீற்று. வீடு இந்த ஆறும் சேர்ந்ததாக இருக்குமாம். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கும்படி என் அம்மாவிடம் பெட்டியை நீட்டினான்.

அம்மா கண்ணைத் திறந்துகொண்டே கீற்றைத் தொட்டாள்.

"இதுல எலி வருமே தம்பி" என்றாள்.

அவன் சிரித்தான். இப்படி ஒரு பதிலுக்காகவே சென்னையிலிருந்து வந்தவன் போல, நோட்டில் அதைக் குறித்தும் கொண்டான். பெயர் யுவன். கசங்கியே இருக்கவேண்டும் என்று சொல்லித் தைத்த சட்டை, உச்சந்தலையில் சின்னக் கொண்டை, காலில் டயர் செருப்பு. எங்கள் தெருவில் டயர் செருப்புப் போடுவதை விட்டு இருபது வருஷம் ஆகிறது. மண் மூச்சுவிடும் என்றான், மண்ணுக்கு நினைவு உண்டு என்றான், சிமெண்ட் பொய் சொல்லும், மண் பொய் சொல்லாது என்றான். கேட்கிறவன் கேனையாக இருந்தால் கேழ்வரகில் நெய் வடியும் என்பார்கள். கேட்டுக்கொண்டிருந்தது என் தம்பி ரஞ்சித்.

ரஞ்சித்துக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. அம்மாவுக்கு வீடு கட்டித் தரவேண்டும் என்பது அவனுடைய ஆசை, பணமும் அவனுடையது. அந்த வகையில் தங்கமான பிள்ளைதான். ஆனால் எங்கள் பழைய மண் வீட்டை விட்டு வந்தபோது அவனுக்கு நான்கு வயது. அப்புறம் விடுதி, விடுதி விட்டால் காலேஜ் விடுதி. மண் வீடு அவனுக்கு அரைகுறைக் கனவு மாதிரி, குளுகுளுவென்று இருக்கிறது. அவனைவிட ஒன்பது வயது மூத்தவளான எனக்கு அது கனவில்லை. ஐப்பசி பிறந்தால் சாமான்களை மேடேற்றி வைத்துவிட்டு, ராத்திரி முழுக்கச் சுவரைத் தடவித் தடவிப் பார்ப்பாள் அம்மா.

இன்னும் ஒன்று. நான் கீழ்வேளூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் வி.ஏ.ஓ. புயல் ஓய்ந்த மறுநாள் நோட்டும் கையுமாகப் போய் நான் எண்ணுவது இடிந்த மண் சுவர்களைத்தான். முழுச் சேதம், பகுதிச் சேதம் என்று இரண்டே கட்டம். நனைந்த அரிசியை முறத்தில் பரப்பிக் காயவைத்துக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். எந்தக் கட்டத்தில் போடுகிறேன் என்று என் பேனாவையே பார்ப்பார்கள். மண் சுவரின் அழகைப் பற்றி என்னிடம் யார் பேசினாலும் எனக்குக் கை பரபரக்கும்.

அம்மா இப்போது இருப்பது அரசாங்கம் கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடு. மேல்தளத்தில் காரை உதிர்ந்து, துருப்பிடித்த கம்பி எலும்பு மாதிரி தெரிகிறது. யுவன் அண்ணாந்து பார்த்து, இதுதான் காங்கிரீட்டின் லட்சணம் என்று ரஞ்சித்துக்குக் காட்டினான். சிமெண்டைக் கண்ணில் மட்டும் காட்டிவிட்டுக் கட்டிய வீடு அது, அதற்குக் காங்கிரீட் என்ன செய்யும் என்றேன். அவன் அதையும் குறித்துக்கொண்டான்.

அடுத்த முறை வரைபடத்தோடு வந்தான். இரண்டடி கனத்தில் மண் சுவர். பாதிக்கு நாட்டு ஓடு, பாதிக்குக் கீற்றுக் கூரை. கூரை என்றால் என் அம்மா முதலில் பார்ப்பது அடுப்பை, அடுத்து அக்கம்பக்கத்தான் கையை. ஒரு தீக்குச்சிக்குக் கூரை என்ன ஆகும் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். நடு முற்றத்தில் நான்கு மரத்தூண்கள். பத்து கிலோமீட்டருக்குள் கிடைக்கும் பொருளைத்தான் தொடுவேன் என்று கொள்கை பேசியவன், தூண் மட்டும் காரைக்குடியில் இடித்த வீட்டிலிருந்து வரும் என்றான். காரைக்குடி எப்போது பத்து கிலோமீட்டருக்குள் வந்தது என்று கேட்டேன். அது வேறு வகை நேர்மையாம்.

கடைசியாகக் குளியலறை. சுற்றிலும் மண் சுவர், மேலே ஒன்றும் கிடையாது. நட்சத்திரம் பார்த்துக்கொண்டே குளிக்கலாமாம்.

என் அம்மா ஐம்பது வயது வரைக்கும் கீற்று மறைப்புக்குள், விடிவதற்கு முன், புடவையைக் கட்டிக்கொண்டே குளித்தவள். வானத்தைப் பார்த்துக் குளித்துக் குளித்து அலுத்துப்போனவள். அவளிடம் ஒரு பட்டியல் உண்டு, அதை அவள் யுவனிடம் சொன்னதில்லை, அவன் கேட்டதும் இல்லை. செங்கல் சுவர். காங்கிரீட் மேல்தளம். குளியலறையில் தரையிலிருந்து கூரை வரைக்கும் டைல்ஸ், தண்ணீர் ஊற்றினால் வழிந்து ஓடவேண்டும். ஒருமுறை வேளாங்கண்ணியில் லாட்ஜ் எடுத்துத் தங்கினோம். குளிக்கப் போனவள் ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. பயந்துபோய்க் கதவைத் தட்டினேன். சுவரைக் கழுவிக்கொண்டிருக்கிறேன் என்றாள்.

அவள் வாயைத் திறக்கமாட்டாள் என்று தெரியும். பிள்ளை ஆசையாகச் செய்வதை வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் அவளுக்கு இல்லை. அதனால் நான் திறந்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பது எனக்காகவே சொன்னது.

நம் மழைக்கு மண் சுவர் நிற்காது என்றேன். நிற்கும் என்றான் யுவன். எங்கே, கொல்லையில் ஒரு சுவர் வைத்துக் காட்டுங்கள், பத்தடி நீளம், ஆறடி உயரம், ஒரு மழைக்காலம் நிற்கட்டும், நின்றால் தை மாதம் நீங்கள் சொல்கிற மண் வீட்டையே கட்டுங்கள், விழுந்தால் செங்கல்லும் காங்கிரீட்டும், அப்புறம் யாரும் பேசக்கூடாது என்றேன். ரஞ்சித்துக்கு மகிழ்ச்சி. அக்கா சொன்னால் சொன்னதுதான் என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

யுவனும் ஒப்புக்கொண்டான். ஒரே ஒரு ஆசைதான் அவனுக்கு. இந்தச் சுவரை வெளியாட்கள் வைக்கக்கூடாது, அம்மா தன் கையால் வைக்கவேண்டும். மண் வீட்டில் வாழ்ந்தவர்தானே, அந்தப் பாரம்பரிய அறிவு அவரிடம் இருக்கும், அதை வீடியோ எடுத்துப் பாதுகாக்க வேண்டும் என்றான். ரஞ்சித் தலையாட்டினான்.

அவர்கள் கார் ஏறிப் போனதும் அம்மா என்னைப் பார்த்தாள்.

"பந்தயம் கட்றதுக்கு முன்னாடி, செவரு வெக்கப்போறது யாருன்னு கேட்டியா?"

எங்கள் பழைய தெருவில் பாதி வீடுகளுக்குச் சுவர் வைத்தவள் அவள். எல்லையம்மா வைத்த சுவர் என்றால் மழை சுற்றிக்கொண்டு போகும் என்று பெண்கள் சொல்வார்கள். ஊரில் எல்லாச் சுவரும் உட்கார்ந்த வருஷங்களிலும் அவள் சுவர் உட்கார்ந்ததில்லை. என் சொந்தச் செலவில் அம்மாவுக்குச் சூனியம் வைத்துவிட்டேன். அவளுடைய டைல்ஸ் குளியலறையை அவள் கையாலேயே இல்லாமல் ஆக்கும்படி ஏற்பாடு செய்துவிட்டேன்.

ஆவணியில் வேலை ஆரம்பித்தது. கூடமாட ஒத்தாசைக்கு மேஸ்திரி ஜெகபர் அலி வந்தார். எந்த வீடானாலும் கட்டப்போவது அவர்தான். அம்மா நைட்டிக்கு மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு மண்வெட்டியோடு வந்து நின்றாள். யுவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. நைட்டி வேண்டாம், பருத்திப் புடவை கட்டிக்கொண்டால் நன்றாக இருக்கும், படத்துக்கு அதுதான் உண்மையாக இருக்கும் என்றான். சேற்றில் இறங்க எவள் பருத்திப் புடவை கட்டுவாள் என்று அம்மா என்னிடம் முணுமுணுத்தாள். ஆனாலும் போய்க் கட்டிக்கொண்டு வந்தாள். தீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுத்தது.

மண் சுவர் வைக்கும் முறை எனக்குத் தெரியும். சின்ன வயதில் உருண்டை பிடித்துக் கொடுத்தவள் நான். வாய்க்கால் மேட்டு மண்ணை வெட்டி மூன்று நாள் ஊறப்போட வேண்டும். வைக்கோலைத் துண்டு துண்டாக நறுக்கித் தூவி, கால் வலிக்க மிதிக்கவேண்டும். ஒரு முழ உயரம் வைத்தால் இரண்டு நாள் காயவிட்டுத்தான் அடுத்த வரிசை. ஈர வரிசையில் ஒருமுறை சாய்ந்து நின்றதற்கு அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள், கை ஐந்து விரலும் பதிந்தது.

அன்றைக்கு அவள் வாய்க்கால் மேட்டுக்குப் போகவில்லை. கொல்லைக் கோடியில் உப்புப் பூத்துக் கிடக்கும் திட்டு ஒன்று உண்டு, புல்கூட முளைக்காது. நேராக அங்கே போய் மண்வெட்டியை இறக்கினாள்.

ஜெகபர் அலி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "பெரியம்மா, இந்த மண்ணா?" என்றார்.

"இந்த மண்ணுதான்" என்றாள் அம்மா.

அவர் கூடையை எடுத்து மண்ணை அள்ள ஆரம்பித்தார். காலையில் நனைத்த மண்ணை மத்தியானமே மிதித்தாள். வைக்கோல் பேருக்கு இரண்டு பிடி. ஒரு வரிசை முடிந்து வெற்றிலை போட்டுவிட்டு, அது காய்வதற்குள் அதன் தலைமேல் அடுத்த வரிசை. நான் அருகில் போய்த் தாழ்ந்த குரலில் அம்மா என்றேன். ஆபீசுக்கு நேரமாகவில்லையா, கிளம்பு என்றாள். அவள் முகத்தில் ஒரு கூச்சம் தெரிந்தது. கல்யாண வீட்டில் உப்பில்லாத சாம்பாரைத் தன் கையால் பரிமாறவேண்டி வந்தவள் முகம் அப்படித்தான் இருக்கும்.

யுவனுக்கு எதுவும் தெரியவில்லை. ஐந்து வருஷம் கட்டடக்கலை படித்து, அதற்கு மேல் வெளிநாட்டில் இரண்டு வருஷம் படித்தவனுக்கு, வண்டல் எது, உவர்மண் எது என்று பார்க்கத் தெரியவில்லை. நாக்கு நுனியில் வைத்துப் பார்த்திருந்தாலே போதும். பெட்டிக்குள் வெல்வெட் மேல் உட்கார வைத்த மண்ணைத்தான் அவனுக்குத் தெரியும். அம்மாவின் கை, அம்மாவின் கால், சேற்றில் பதிந்த அம்மாவின் விரல் என்று எடுத்துத் தள்ளினான். மூன்றே நாளில் சுவர் முடிந்தபோது, இவ்வளவு வேகமா என்று வியந்தான். அனுபவம் என்றான் ரஞ்சித், பெங்களூரிலிருந்து வீடியோ அழைப்பில்.

சுவர் முடிந்ததும் அம்மா பழக்க தோஷத்தில் அதன் தலைக்குக் கீற்று வெட்டி மூடப் போய்விட்டாள். கை பாட்டுக்குச் செய்கிறது. நல்லவேளை, யுவன்தான் காப்பாற்றினான். மூடினால் சுவரின் வடிவம் கெட்டுவிடும், திறந்தே இருக்கட்டும், மண் மூச்சுவிட வேண்டும் என்று சொல்லிக் கீற்றை எடுக்க வைத்தான்.

அதற்கப்புறம்தான் எங்களுக்குக் கஷ்டகாலம். மழை வரவில்லை. புரட்டாசி முழுக்க வெயில். ஐப்பசியில் நான்கு தூறல். சம்பா நாற்றுக்குத் தண்ணீர் இல்லை என்று ஊரே வானத்தைப் பார்த்தது, நாங்கள் இரண்டு பேர் மட்டும் சுவரைப் பார்த்தோம். வெயிலில் அது செங்கல் மாதிரி இறுகிவிட்டது. நடுவில் ஒருமுறை யுவன் வந்தான். சுவர் முழுக்க உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. பார்த்துவிட்டு, இயற்கையே வெள்ளையடித்திருக்கிறது என்று சொல்லி நாற்பது படம் எடுத்தான். தை மூன்றாம் தேதி பூமி பூஜைக்கு நல்ல நேரம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனான்.

ஒவ்வொரு காலையிலும் அம்மா பல் குச்சியோடு போய்ச் சுவர் முன் நிற்பாள். ஒருநாள் அதை உள்ளங்கையால் தட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"கெடுத்து வெச்சும் நிக்கிது பாரு" என்றாள்.

அவள் குரலில் கவலை பாதி, மீதி என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. அன்று முதல் பாத்திரம் கழுவிய தண்ணீரை முருங்கைக்கு ஊற்றுவதை விட்டுவிட்டுச் சுவரின் காலில் ஊற்ற ஆரம்பித்தாள். நானும் என் பங்குக்கு ஒரு குடம் ஊற்றினேன். அரசாங்கச் சம்பளம் வாங்குகிற எனக்கு அந்த வேலையில் கொஞ்சமும் வெட்கமில்லை.

கார்த்திகை கடைசியில் ஒரு தாழ்வு மண்டலம் வந்து கடலோரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் காலையில் அம்மா, சுவரோரம் கட்டியிருந்த ஆட்டை அவிழ்த்து வாசல் பக்கம் கொண்டுபோய்க் கட்டினாள். மத்தியானம் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, லாரியிலிருந்து நெல் மூட்டை விழுந்த மாதிரி ஒரு சத்தம். அம்மா எழுந்திருக்கவில்லை. சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டாள். ஆனால் அந்தச் சோற்றை அவள் சாப்பிட்டு முடிக்கவில்லை.

மழை விட்டதும் முதலில் தெருப் பெண்கள் வந்தார்கள். எல்லையம்மா சுவரா விழுந்தது என்று ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொண்டு நின்றார்கள். வயதாகிவிட்டது, கையில் பிடிப்பு போய்விட்டது என்றாள் ஒருத்தி. அம்மா கேட்காதவள் போலக் கோலப்பொடி டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ரஞ்சித்தும் யுவனும் வந்தார்கள். ஜெகபர் அலியும் வந்து ஓரமாக நின்றார். யுவன் குட்டிச்சுவராகக் கிடந்ததன் முன்னால் துக்க வீட்டில் நிற்பது போல நின்றான். ஒரு கட்டியை எடுத்தான், முகர்ந்தான், உதிர்த்தான். உதிர்ந்ததைக்கூடப் படம் எடுத்தான். பிறகு எங்கள் பக்கம் திரும்பினான். குரலில் அவ்வளவு இரக்கம்.

"இது மண்ணோட தப்பு இல்ல. கையோட தப்பு. ஒரு தலைமுறையே இந்த வித்தைய மறந்திடுச்சு. நான் அம்மாவக் குத்தம் சொல்லல, அவங்களுக்கு யாரும் ஒழுங்காச் சொல்லிக் குடுத்திருக்க மாட்டாங்க."

அந்த உப்பு மண்ணை அப்படியே அள்ளி அவன் வாயில் திணிக்கவேண்டும் போல இருந்தது. உப்பை உப்பென்று தெரியாதவன், என் அம்மாவுக்கு மண் தெரியாது என்கிறான். ஓர் அடி முன்னால் வைத்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். மண் பிசைந்த பிடி, அதில் ஒரு குறையும் இல்லை, எலும்பு வலித்தது.

"ஆமாங்க தம்பி. நமக்கு அந்த அளவுக்குத் தெரியாதுங்க" என்றாள்.

அவன் விடவில்லை. வெளி மாநிலத்தில் இந்த வேலையில் கைதேர்ந்த ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கூட்டிவந்து இன்னொரு சுவர் வைத்துப் பார்க்கலாம் என்றான். ரஞ்சித் சுவரைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். அவனுக்கு அம்மாவை நினைத்துச் சங்கடமாக இருந்தது. நாலு பேர் முன்னால் அவளைத் தேர்வெழுத வைத்துத் தோற்கவைத்துவிட்டோமே என்ற சங்கடம்.

"வேணாம் யுவன். பேசுனது பேசுனதுதான். செங்கல், காங்கிரீட்டுன்னே போயிடுவோம்" என்றான்.

ஜெகபர் அலி தலைகுனிந்து சிரிப்பை மறைத்துக்கொண்டார். யுவன் மரப்பெட்டியை எடுத்துக்கொண்டு காருக்குப் போனான். அன்றைக்குச் சாயங்காலமே அவனுடைய இணையப் பக்கத்தில் அம்மாவின் படம் வந்துவிட்டது. பருத்திப் புடவையும் சேற்றுக் காலுமாக நிற்கிறாள். கீழே, நாம் இழந்துவிட்ட அறிவு என்று எழுதியிருந்தான். ஆயிரம் பேர் ஐயோ பாவம் என்று கண்ணீர்விட்டிருந்தார்கள்.

ஆனால் அது அப்புறம். கார் போனபின் லேசான தூறலில் நாங்கள் மூன்று பேரும் கொல்லையிலேயே நின்றோம். அம்மா அப்போதே ஜெகபர் அலியைக் கூப்பிட்டு, குளியலறையில் எந்த உயரம் வரைக்கும் டைல்ஸ் ஒட்டவேண்டும் என்று கையைத் தூக்கிக் காட்டி அனுப்பியிருந்தாள். காட்டிய உயரத்துக்கு அவள் கை எட்டவில்லை, குதிகாலை உயர்த்திக்கொண்டாள். அவள் முகத்தை அப்படி நான் வேளாங்கண்ணியில்தான் பார்த்திருக்கிறேன்.

ரஞ்சித் காலால் ஒரு கட்டியைப் புரட்டினான்.

"அப்ப நம்ம பழைய வீட்டுச் செவரெல்லாம் யாரும்மா வெச்சது? எந்தப் புயலுக்கும் விழலன்னு அக்கா சொல்லுமே."

செத்துப்போன எங்கள் அப்பா மண் மிதித்து நான் பார்த்ததே இல்லை. அவர் திருவாரூரில் அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார், சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போய்விடுவார். அந்த வீட்டின் தெற்குச் சுவரை அம்மா வைத்தபோது இதே ரஞ்சித் அவள் வயிற்றில் ஏழு மாதம். குனிய முடியாமல், ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, நான் எடுத்துக் கொடுத்த உருண்டைகளை ஒவ்வொன்றாக வாங்கி வைத்தாள்.

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. முந்தானையால் மகன் நெற்றியில் இருந்த தூறலைத் துடைத்துவிட்டாள்.

"உங்கப்பாதான் வெச்சாரு" என்றாள்.

"அதானே பாத்தேன்" என்றான் ரஞ்சித்.